தலைமையாசிரியரின் அலமாரி திறந்த நான்கு நிமிடம்

இதனால் குடும்பத்தின் மூத்த மகளுக்கு அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுக் குளியலறைக் குழாய் நேற்றுக் காலை ஏழேகால் மணி முதல் ஒழுகுவதை நிறுத்திக்கொண்டது. காரணம் யாருக்கும் தெரியாது, தான்தான் காரணம் என்கிறார் அப்பா.

அன்பு மகளே, நாங்கள் மூவரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இது அம்மா சொன்னது. மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்கப் போயிருப்பதால் அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது உன் தம்பி, சொல்லாததும் இடையில் வரும். வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே, ஈரத் தலையோடு படுக்காதே என்கிறாள் அம்மா. அம்மா சொல்வதைக் கேள் என்கிறார் அப்பா.

இனி என் வெற்றிச் செய்தி. வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வகுப்பில் நாற்பது பேரும் ஊர்க்கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை கற்கிறோம் அல்லவா, எனக்கு வாய்த்தது பூட்டுக்கடை. கடைக்காரருக்கு உன் வயதுதான், நாங்கள் வைத்த பெயர் பூட்டக்கா. போன மாதம் ‘சாவி தொலைந்ததால் கடை விடுமுறை’ என்று எழுதிக் கதவில் தொங்கவிட்டேன், காலை முழுக்க ஓர் ஆள்கூட வரவில்லை. அன்றிலிருந்து அடுத்த வருடம் பிள்ளைகளே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைதான் பள்ளியோடு கடைக்காரர்கள் போட்ட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கடைசி நாள். ரொட்டிக்கடைக்காரர், அச்சகத்துக்காரர், சைக்கிள் பட்டறைக்காரர் எல்லோரும் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். பூட்டக்காவும் வந்திருந்தார், மாட்டேன் என்று நேரில் சொல்ல. தாள்கள் இருந்ததோ இரும்பு அலமாரிக்குள். சாவி பூட்டுத் துளைக்குள் போனது, ஆனால் திருப்ப முடியவில்லை. அடுப்பை மூட்டிவிட்டு வந்தேன் என்று ரொட்டிக்கடைக்காரர் எழுந்தேவிட்டார். அவர் போனால் மற்றவர்களும் போவார்கள், அடுத்த வருடம் நாற்பது பேரும் பெஞ்சைத் தேய்க்க வேண்டியதுதான். நான் பார்க்கிறேன் என்று முன்னால் போனேன். பூட்டக்கா தன் கருவிப் பையை நீட்டினார்.

“அஞ்சு நிமிஷம் தரேன். அதுக்குள்ள முடியலன்னா நகந்துக்கணும், என்ன?”

வளைந்த தகட்டால் பூட்டை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியால் உள்ளே இருக்கும் ஐந்து குட்டி உலோகப் பின்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கினேன். நான்காவது நிமிடம் க்ளிக். அறையே கைதட்டியது. முதல் கையெழுத்து யாருடையது என்று நினைக்கிறாய்? பூட்டக்காவுடையது. பள்ளிக்கே பெருமை என்று தலைமையாசிரியர் என் முதுகில் தட்டியது இன்னும் வலிக்கிறது. என் வாய்க்குத்தான் இன்னும் பூட்டு கிடைக்கவில்லை என்கிறாள் அம்மா, ஆனால் பக்கத்து வீட்டுக்கு மூன்று தடவை போய்ச் சொல்லிவிட்டு வந்தவளும் அவள்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள், நல்லபடியாக இரு, ஞாயிறன்று போன் செய்ய மறக்காதே. உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா.

இனி வருவதை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. வியாழக்கிழமை அந்தப் பூட்டுக்கு எண்ணெய் போடச் சொன்னார் தலைமையாசிரியர். என் திறமைக்கு எண்ணெய் போதுமா, கழற்றினேன். பின்கள் ஐந்தும் உள்ளங்கையில் கொட்டின. ஒரு குத்துமதிப்பாகத் திரும்பப் போட்டேன், மணி அடித்தது, தள்ளிச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு, சாத்திவிட்டு ஓடினேன். வெள்ளிக்கிழமை எல்லோரும் போனபின் பூட்டக்கா அந்தப் பூட்டைப் பிரித்துப் பார்த்தார்.

“எல்லாம் இடம் மாறிக் கெடக்கு. கதவத் தெறந்து வச்சு சாவியத் திருப்பிப் பாத்தியாடா?”

பார்க்கவில்லை என்றேன்.

“போட்ட கையெழுத்து போட்டதுதான். திங்கக்கெழம அவருகிட்ட நீயே சொல்லிடு.”

நாளைதான் திங்கட்கிழமை, அக்கா. இது உன் கைக்கு வரும்போது சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டேன் என்றே வைத்துக்கொள்.