முட்டி போட்ட நாற்பத்தைந்து நிமிடம்

உம்ம படம் நேற்று தபாலில் வந்தது. நீலச் சட்டை, கழுத்தில் விசில், ஊர் உலகத்துக்கெல்லாம் ஒழுங்கு கற்றுக்கொடுக்கவே பிறந்தவர் என்கிற பார்வை. கூடவே ஒரு கடிதம். உமக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். 'சாரிடம் பயின்ற இந்தியக் கால்பந்து வீராங்கனை' என்ற முறையில் நான் இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். மலர்க்குழுச் செயலாளர் போனிலும் பேசினான். "அக்கா, நல்லதா நாலு விஷயம் எழுதுங்க. பழசெல்லாம் வேண்டாம்." நினைவு மலரில் பழசு வேண்டாமாம்! புதுசாக என்ன செய்யப் போகிறீர், கல்லறையில் படுத்துக்கொண்டு?

உயிரோடு இருந்தவரை உம்மிடம் 'சார், நீங்க' என்றுதான் பேசினேன். இப்போது 'நீர்' என்று எழுதுகிறேன். உமக்கு அதுவே அதிகம்.

மற்றவர்கள் எழுதித் தந்ததையும் மாதிரிக்கு அனுப்பியிருக்கிறான். ஒருத்தி விடாமல் ஒரே வாக்கியம்: கண்டிப்பானவர், ஆனால் உள்ளுக்குள் பாசமானவர். உள்ளே இருந்ததை எந்த வழியாக எட்டிப் பார்த்தார்களோ தெரியவில்லை. நான் ஐந்து வருஷம் உம்மிடம் கோல்கீப்பராக இருந்தவள். வெளியே வந்ததைத்தான் பார்த்தேன்.

நன்றியில்லாதவள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். நான் கற்ற வித்தையில் பாதி உம்முடையது. "பந்தப் பாக்காத ஏளா, அடிக்கவ இடுப்பப் பாரு. கால் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது" என்பீர். உண்மை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்தியாவுக்காக ஏழு மேட்ச் ஆடினேன். ஆலந்தலைக் கடற்கரையில் ஒரு வள்ளக்காரன் மகளுக்கு அது சின்ன காரியமில்லை. அந்த ஜெர்சியை முதல்முதல் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா அதை மாதா படத்துக்குக் கீழே மடித்து வைத்து, ஒரு வாரம் யாரையும் தொட விடவில்லை. உம்மையும் அந்த வாரம் எங்கள் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டோம். வீணாய்ப்போன ஜெபம்.

பிறகு அந்த முகாம். வடக்கே, கடல் என்றால் படத்தில் மட்டும் பார்க்கிற ஊர். போன உடனே எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினீர். சாயங்காலம் அரை மணி நேரம் தருவீர். அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கிளம்பும்போதே வீட்டில் கேட்டிருந்தார்கள். நம்ம கடற்கரைக்காரர், விஷயம் தெரிந்தவர் என்று உம்ம நம்பரைத்தான் கொடுத்துவிட்டு வந்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

அந்த வாரம் காற்று மாறி அடித்தது. மூன்று பேரோடு கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. மத்தியானம் என் தம்பி உம்மைக் கூப்பிட்டான். "சார், அப்பா வள்ளம் இன்னும் கரைக்கு வரல. அக்காகிட்ட சொல்லிருங்க." "சரிடே, சொல்லுதேன்" என்றீர். போனை வைத்தீர். சொல்லவில்லை. மறுநாள் காலையில் பயிற்சி மேட்ச் இருந்தது; கோல்கீப்பர் மனசு கலங்கக் கூடாதல்லவா? அன்றைக்குச் சாயங்காலம் போன் பெட்டியையும் திறக்கவில்லை. நாளைக்கு மேட்ச், கவனம் சிதறக் கூடாது என்றீர். நாங்களும் தலையாட்டினோம்.

காலையில் என் அறைத்தோழி, மலைநாட்டுப் பெண், பாவம், பாதித் தமிழும் பாதிச் சைகையுமாகச் சொன்னாள். அவளிடம் ஒளித்துவைத்த இரண்டாவது போன் ஒன்று இருந்தது. என் தம்பி எப்படியோ அவளைத் தேடிப்பிடித்துச் செய்தி அனுப்பியிருந்தான். உடை மாற்றும் அறைக்குப் பின்னால் நின்று ஊருக்குப் பேசினேன். அவன் அழுதுகொண்டே கேட்டான்: "நேத்து மத்தியானமே சார்கிட்ட சொன்னேனேக்கா, சொல்லலியா?"

அப்போதுதான் நீர் வந்தீர். என் கையில் போனைப் பார்த்தீர். கண்ணீரையும் பார்த்தீர். கேட்டது போனைப் பற்றி மட்டும். "யாரு போன் இது?" சொல்லவில்லை. "யாருதுன்னு சொல்லு, இல்லைன்னா கோட்டுப் பக்கத்துல முட்டி போடு. ஃபர்ஸ்ட் ஹாஃப் முழுக்க." அவளைக் காட்டிக்கொடுத்தால் அன்றைக்கே அவளை ஊருக்கு அனுப்பியிருப்பீர். போட்டேன். இருபத்துமூன்று வயசுப் பொம்பளை, முகாமில் இருந்த இருபத்திரண்டு பேர் பார்க்க, எதிர் டீம் பிள்ளைகளும் பார்க்க.

வேறு எவனாவது அதைச் சொல்லியிருந்தால், பள்ளிக்கூடப் புத்தி இன்னும் போகவில்லை என்று விட்டிருப்பேன். நீர் கடற்கரையில் பிறந்தவர். முன்பெல்லாம் நம் பக்கத்தில் பெரிய தப்புச் செய்தவனைக் கோயில் வாசலில், பூசை முடிந்து ஊரே வெளியே வருகிற நேரத்தில் முட்டி போட வைப்பார்கள். அப்படி நின்றவனைப் பேரன் காலத்திலும் சொல்லிக்காட்டுவார்கள். அது உமக்குத் தெரியும். வள்ளம் வராத வீடு எப்படி இருக்கும் என்பதும் தெரியும், உம்ம அப்பாவும் கடலுக்குப் போனவர்தான். தெரியாமல் செய்கிறவன் மடையன். தெரிந்து செய்தவருக்கு இப்போது மலர் போடுகிறார்கள்.

முட்டி போட்டதுதான் போட்டோம், அதை உமக்காக வீணாக்குவானேன் என்று அப்பாவுக்காக ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொன்னேன். கையில் மாலை இல்லாததால் விரல்களையே மணியாக எண்ணிக்கொண்டு சொன்னேன். நடுவில் நீர் திரும்பிப் பார்த்து, நான் வருந்துகிறேன் என்று நினைத்துத் தலையை ஆட்டினீரே, அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இடைவேளை விசில் ஊதி, "எந்திரி, செகண்ட் ஹாஃப் நீ நில்லு" என்றீர். எழுந்தேன். கையுறையைக் கழற்றி உம்ம நாற்காலியில் வைத்தேன். "என்னளா இது?" என்றீர். "இனி நீங்களே நில்லுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். இந்தியாவுக்கு இனி ஆடமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதி, போகிற வழியில் அலுவலகத்தில் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் உம்ம பேரை மட்டும் எழுதினேன்.

அப்பா பிழைத்து வந்தார். எஞ்சின் பழுதாகி, தெற்கே இழுத்துக்கொண்டு போய், வேறொரு ஊர்க்காரர்கள் கயிறு போட்டுக் கரைசேர்த்தார்கள். மதுரையைத் தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரர் போனை வாங்கி ஊருக்குப் பேசினேன்; தம்பி சந்தோஷத்தில் கத்தினான். ரயிலில் எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். அதோடு ஊருக்கு என் கோபம் வேடிக்கையாகிவிட்டது. "அப்பாதான் வந்துட்டாவல்லா, பிறகென்ன?" என்றார்கள். அப்பா வந்தது கடல் விட்டதனால். உம்மால் இல்லை. இதைப் புரியவைக்க எனக்குத் தொண்டைதான் வற்றியது.

பெரியம்மா ஒருத்தி, "கொஞ்ச நேரம் முட்டி போட்டா என்ன, தேஞ்சா போயிருவ?" என்று கேட்டாள். திருச்செந்தூரில் கடைக்கார அண்ணாச்சி ஒருவர் சாமான் கட்டிக்கொண்டே, "நாட்டுக்காக ஆடுதவ இதெல்லாம் பாக்கலாமாளா?" என்றார். "நாடு என்னைய முட்டி போடச் சொல்லலியே அண்ணாச்சி, அந்தாளுதான் சொன்னாரு" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானளா" என்றார். அங்கேதான் உம்ம சாமர்த்தியம். சட்டையில் நாட்டின் பேரை எழுதிக்கொண்டு, உம்மை எதிர்த்தால் நாட்டை எதிர்த்த மாதிரி ஆக்கிவிட்டீர். விளையாட்டுக் கோட்டாவில் வரவேண்டிய வேலையும் உம்ம அறிக்கையில் இருந்த 'ஒழுங்கீனம்' என்ற ஒரு வார்த்தையில் போயிற்று.

ஒரு வருஷம் கழித்து எங்கள் வீட்டு வாசலில் உம்ம கார் வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? கையில் ஒரு மக்ரூன் பெட்டி. முதல் கோல்கீப்பருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது, இன்னும் பத்து நாளில் வெளிநாட்டில் மேட்ச். "பழசையெல்லாம் மறந்துரு ஏளா. நாட்டுக்கு நீ வேணும்." அம்மா கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். எஞ்சினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா, தலை நிமிராமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சார், அன்னைக்கு மத்தியானம் எம் மவன் போன் பண்ணுனாம்லா, பேசி முடிச்சுட்டுச் சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன்... ஏன் கேக்கிய?"

"சும்மாதான் கேட்டேன்."

உம்ம முகத்தில் அன்றைக்கு ஒரு நிறம் வந்ததே, அதைப் படம் பிடித்து இந்த மலரில் போட்டிருக்கலாம்.

நான் வருகிறேன் என்றுதான் சொன்னேன். ஆசை இல்லாமலா? ராத்திரி பகல் அதே நினைப்பாய்க் கிடந்தவள் நான். அந்த ஜெர்சி மேல் உம்மைவிட எனக்கு ஆசை அதிகம். ஒன்றுதான் கேட்டேன். முகாமில், அன்றைக்குப் பார்த்த அத்தனை பேர் முன்னாலும், 'அன்னைக்கு நான் செஞ்சது தப்பு' என்று நீர் சொல்ல வேண்டும். முட்டி போடச் சொல்லவில்லை. நின்றுகொண்டே, விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சொன்னால் போதும் என்றேன்.

"கோச் இறங்கிட்டா டீம் நிக்காதுளா."

"அப்ப டீம் நிக்கட்டும் சார். நீங்க கிளம்புங்க."

மக்ரூனை என்ன செய்தோம் என்று கேட்கிறீரா? தின்றோம். அது என்ன பாவம் செய்தது?

இப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வாசல் பொறுப்பு எனக்கு. வேடிக்கையைக் கேளும்: உள்ளே போகிறவர்கள் போனை வாங்கி வைப்பதுதான் என் வேலை. ஆபத்தான சரக்கு இருக்கிற இடம், போன் கூடாது, விதி சரியான விதி. பேர் எழுதிய தட்டில் வரிசையாக வைத்திருப்பேன். ஒரே போன் இரண்டு தடவை அடித்தால் எடுப்பேன். வீட்டு விஷயம் என்றால் உடனே வாக்கிடாக்கியில் ஆளைக் கூப்பிட்டுவிடுவேன். கிரேன் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, கப்பல் காத்திருந்தாலும் சரி. மேனேஜர் ஒருதடவை முணுமுணுத்தார். "அவன் வேலையைக் கெடுக்காதம்மா, ஷிப்ட் முடிஞ்சு சொல்லு." "சார், அவன் வீட்டு சேதி அவனுது. நமக்கு அதைப் பூட்டி வைக்க உரிமை கிடையாது" என்றேன். விதியோடு எந்தக் காலத்திலும் எனக்குச் சண்டை இல்லை, சார். ஆளோடுதான்.

உம்ம அடக்கத்துக்கு வந்திருந்தேன். பெட்டிக்குள் உம்ம நெஞ்சின் மேல் விசிலை வைத்திருந்தார்கள். அங்கேயும் போய் ஊதுவீர் என்று நினைத்தேன், சிறகு முளைத்த சம்மனசுகள் பாடு திண்டாட்டம்தான். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிற நடு எழுந்தேற்றத்துக்கு எல்லாரும் முட்டி போட்டார்கள். நானும் போட்டேன். ஆண்டவருக்கு. நடுவில் உம்ம பெட்டி இருந்தது தற்செயல்.

வெளியே வரும்போது உம்ம வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அவிய உன்ன நெனச்சு எத்தனை தடவ வருத்தப்பட்டாவ தெரியுமா மக்கா? சாப்பிட உக்காந்தா உன் பேச்சுத்தான்."

"எங்கிட்டச் சொல்லலியேம்மா" என்றேன். அந்த அம்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கையைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். தூ! முட்டி போட வைத்தது மைதானத்தில், அத்தனை பேர் முன்னால். வருத்தப்பட்டது அடுக்களையில், சோற்றுத்தட்டின் முன்னால். உமக்கு அவ்வளவுதான் தைரியம்.

இந்த இரண்டு பக்கத்தையும் இப்படியே அந்தச் செயலாளர் தம்பிக்கு அனுப்பப் போகிறேன். போடமாட்டான். அந்த இடத்தில் ஏதாவது நகைக்கடை விளம்பரம் வரும். போகட்டும்.

அந்த வெளிநாட்டு மேட்சை நான் பார்த்தேன், சார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கடற்கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. தம்பியின் போனை வாங்கிக்கொண்டு ஒரு வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசிப் பத்து நிமிஷம். எதிர்ப் பக்கத்துப் பெண் இடது பக்கமாக ஓடிவந்தாள். கால் ஒரு பக்கம் காட்டியது. நான் இடுப்பைப் பார்த்தேன். மறுபக்கம் என்று தெரிந்துவிட்டது, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டேன். நீர் நிறுத்திவைத்திருந்த புதுப் பிள்ளை காலைப் பார்த்தாள். அவள் மேல் குற்றமில்லை, அவளுக்கு இன்னும் அனுபவம் பத்தாது. ஒரு கோலில் தோற்றோம்.

அந்தப் பந்தை நான் பிடித்திருப்பேன். உமக்கும் அது தெரியும். திரும்பவும் நீர் மக்ரூன் பெட்டியோடு வந்து அதே மாதிரிக் கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்கமாட்டேன். இந்த இரண்டையும் ஒன்றாகத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன், ஒன்று மற்றதை லேசாக்கவில்லை. நீர் விசிலோடு போய்ச் சேர்ந்தீர். எட்டாவது மேட்ச் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.