குறுக்குக்கட்டும் நீரோட்ட மெசினும்

ஆனி மாதம், செவ்வாய் இரவு

என் முழங்கால் தேய்ந்துவிட்டது, தினமும் நீந்த வேண்டும் என்றார் டொக்டர். அதற்காகத்தான் மகன் வீட்டு வளவுக்குள் சின்னக் குளம் கட்டினான். இரண்டு வீச்சு நீந்தினால் சுவர் வந்துவிடும். நின்ற இடத்திலேயே நீந்த, எதிரே தண்ணீர் தள்ளும் மெசின் வேண்டுமாம். இன்று கடைக்காரர் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டிக் காட்டினார்.

எப்போதும் குளிப்பதுபோல், நெஞ்சுக்குக் குறுக்கே துணியைச் சுற்றிக் கட்டிய குறுக்குக்கட்டோடு இறங்கினேன். மெசினைப் போட்டதும் தண்ணீர் நெஞ்சில் பாய்ந்து கட்டை அவிழ்க்கப் பார்த்தது. இரண்டு கையாலும் துணியைப் பிடித்தால் எதால் நீந்துவது?

“நீச்சல் உடுப்பு வாங்கித் தாறன் அம்மா,” என்றான் மகன்.

“உன்ரை மெசினுக்காக நான் உடுப்பு மாத்தோணுமோ?”

கடைக்காரர் வேறெங்கோ பார்த்தபடி, “அகலமாய், மெதுவாய்த் தள்ளுற மெசினும் இருக்கு அம்மா,” என்றார்.

“அதை ஏன் தம்பி முதலே சொல்லேல்லை?”

“அது பெரிசம்மா,” என்று மகன் குறுக்கிட்டான். “அரைவாசிக் குளத்தைப் பிடிச்சிடும். பிள்ளையள் எங்கை விளையாடுறது?”

“அப்ப குளம் ஆருக்கடா கட்டினனீ?”

இரவு சோறு போட்டபோது மகன் நிமிர்ந்து பார்க்கவில்லை. விடியக் கடைக்காரருக்கு நானே போன் எடுத்துப் பெரியதைக் கொண்டுவரச் சொல்லப்போகிறேன். பேரப்பிள்ளைகள் கேட்டால்தான் என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.