மூன்று அவளுடையது

அப்பா,

உங்கள் கொலோன் வாசனை இன்று மாலை கருவடிக்குப்பம் வீட்டுக்குள் மறுபடி வந்தது. பிரான்சிலிருந்து வந்திருக்கும் அத்தை, உங்கள் தங்கை, அதையேதான் பூசியிருந்தார். தானாக எழுந்து உட்கார முடியாத உங்கள் பேத்தி மித்ரா, பாயில் படுத்தபடியே வாசனை வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவளைத் தூக்க நீங்கள் ஒன்று, இரண்டு எண்ணப் போகிறீர்கள் என்று நினைத்திருப்பாள்.

அத்தை எண்ணவில்லை. "வாடி என் ராசாத்தி" என்று குனிந்து, இரண்டு கையையும் பிடித்து ஒரே இழுப்பு. உடம்பு விறைத்து, தலை பின்னால் தொங்க, மித்ரா அலறினாள். ஓடிப்போய்த் தலையைத் தாங்கினேன். தோள்மூட்டு கழன்றுவிடவில்லை, அவ்வளவுதான்.

"அத்த, கையப் புடிச்சு இழுக்காதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?"

"எங்கண்ணன் பூ மாதிரி தூக்குவாரு. நீ என்னடி, புள்ளயத் தொடவே சட்டம் பேசற?"

பூ மாதிரி! இந்தப் பேச்சு யாரால் வந்தது? உங்களால்தான்.

நாம் மட்டும் இருக்கும்போது எவ்வளவு ஒழுங்கு! பக்கத்தில் முட்டி போடுவீர்கள். அவளை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைப்பீர்கள். ஒரு கை தோளுக்குப் பின்னால், ஒரு கை இடுப்பில். "அன்... தே..." என்று பட்டாளத்துப் பிரெஞ்சில் இரண்டு வரை எண்ணி நிறுத்துவீர்கள். "மூணு அவளுது. அவ சொல்லாம நாம அசையக் கூடாது" என்பீர்கள். அவள் மூச்சை இழுத்து, வாய் கோணி, "த்ருவா" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்த நாள் உண்டு. சொல்லிவிட்டால் விறைப்பு தளர்ந்து உங்கள் கையோடு எழுந்து வருவாள்.

சொந்தக்காரர்கள் வந்துவிட்டால் போதும். கக்கத்தில் கை கொடுத்து ஒரே தூக்கு. "சொல்தாடா நான், பிரெஞ்சுப் பட்டாளத்தான்! எழுபதுலயும் பாரு!" எல்லோரும் கைதட்டுவார்கள். மித்ரா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். கேட்டால், "ஆளுங்க எதிர்ல விடும்மா." ஆளுங்க எதிரில்தானே அப்பா எண்ணியிருக்க வேண்டும்? அவர்கள் பார்த்ததெல்லாம் உங்கள் வீரத்தைத்தான். அதை மட்டும் அவர்களிடம் விட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இனி ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் நான் ஒருத்தி நின்று சண்டை போட வேண்டும். 'திமிர் பிடித்தவள்' என்ற பெயர் ஏற்கெனவே வந்தாயிற்று.

அழுகை அடங்கியதும் அத்தை மறுபடி கை நீட்டினார். மித்ரா கைகளை நெஞ்சோடு மடக்கிக்கொண்டாள்.

"அன்," என்றாள்.

"என்னடி சொல்லுது?"

"எண்ணுது அத்த. முட்டி போடுங்க."

"பட்டுப் புடவடி."

"கசங்கினா தேச்சுக்கலாம். போடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். அவர் கையை எடுத்து அவள் தோளுக்குப் பின்னால் வைத்தேன். இடுப்பை நான் பிடித்துக்கொண்டேன். "தே," என்றார் அத்தை.

மித்ரா உடனே சொல்லவில்லை. அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையின் கை ஒருமுறை அவசரப்பட்டது, பார்த்தேன், நிறுத்திக்கொண்டது. பிறகுதான் வந்தது அவளுடைய மூன்று.

உங்கள் மேல் கோபம் குறையவில்லை அப்பா. ஆனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நீங்கள் காத்திருந்தீர்களே, அதை நான் வைத்துக்கொண்டேன். இனி நான் எண்ணுவது ஆளுங்க எதிரில்தான். சத்தமாக.