கூட்டுக்கு முன்னால் ஒரு சிதறுதேங்காய்

எந்நேரமும் கையில் குறடோடு திரிந்த என்ரை அண்ணைக்கு,

பன்றிகள் திரும்பி வந்துவிட்டன. உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். மழை விட்ட கையோடு கிழக்கு வேலிக்குக் கீழே கிண்டிக்கொண்டு வந்து மரவள்ளியைப் புரட்டிப் போட்டிருந்தன. தின்றது பாதி, மிதித்தது பாதி. உங்கடை மனிசி, என்ரை மச்சாள், தொலைபேசியில் அதைச் சொன்ன விதத்திலேயே அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"நான் கம்பி போடப் போறன், பிள்ளை. நீர் யாழ்ப்பாணத்திலை இருந்துகொண்டு பயப்பிடாதையும்."

அதே கம்பி. வரம்பில் கிடந்ததைப் பொலிஸ் எடுத்துக்கொண்டு போனது. மிச்சச் சுருள் கொட்டில் சுவரில் நீங்கள் அடித்த ஆணியில் அப்படியே தொங்கியது. அதைக் கழற்றி எறியும்படி நான் எத்தனை தரம் சொன்னேன். மச்சாள் அதற்கு ஓம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பன்றிக்காக மின்சாரக் கம்பி இழுத்திருந்த என் அண்ணன், ஒவ்வொரு காலையும் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் தோட்டத்துக்குள் இறங்குவார். அன்று விடிய மின்சாரம் இல்லை. இல்லாத மின்சாரத்தை யார் நிறுத்துவார்கள்? சரிந்து கிடந்த கம்பியை அவர் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றபோது மின்சாரம் திரும்பி வந்தது.

நான் பௌதீகம் படிப்பிக்கிறவள். வகுப்பில் மின்விசிறி நிற்கும்போது எனக்கு ஒன்றும் இல்லை. அது மறுபடி சுழலத் தொடங்கும்போதுதான் கையில் இருக்கும் வெண்கட்டி நழுவுகிறது. பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். ஒருவரும் கேட்பதில்லை.

அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறிப் போனேன். சட்டத்துக்கு விரோதம் என்றேன். உயிர்கள் நடமாடும் இடம் என்றேன். உங்கடை மகன் கொழும்பிலிருந்து வந்தால் கிணற்றடிக்கு வரம்பாலேதானே போவான் என்றும் கேட்டேன். மச்சாள் கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருந்தார்.

"அவரைக் கொன்றது கம்பி இல்லைப் பிள்ளை. போன கரண்ட் திரும்பி வந்ததுதான். இந்தத் தோட்டமும் போனா நான் ஆரின்ரை வாசல்லை போய் நிக்கிறது?"

அண்ணை, இதற்கு நீங்கள் என்றால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? நான் வாயில் வந்ததைச் சொன்னேன். பன்றியைப் பிடிக்கக் கூடு அடிப்போம் என்றேன். மச்சாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். உங்கடை ஆட்டைத்திவசம் மட்டும் பொறுப்பதாகவும், அதற்குள் கூடு ஒரு பன்றியையாவது பிடிக்காவிட்டால் பிறகு கம்பிதான் என்றும் சொன்னார். உங்கள் முதலாம் வருட நினைவு நாளை எண்ணி இப்படிப் பயப்படுவேன் என்று நான் நினைத்ததேயில்லை.

எதையும் எறியாத உங்கள் பழக்கத்தை நான் எவ்வளவு பகிடி பண்ணியிருப்பேன். அந்தக் குப்பைதான் கூடாகியது. லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் இருந்த பின்கதவு, கூட்டின் விழும் கதவு. பழைய இறைப்பு மெசினின் இரும்புக் குழாய்கள், கதவு மேலும் கீழும் ஓடும் தண்டுகள். புகையிலைக் கொட்டிலில் கழற்றிய பனஞ்சிலாகைகளை, அந்தப் பனைமரச் சட்டங்களை, நெருக்கமாக நட்டோம். கோழிக்கூட்டின் கனத்த வலையை இரட்டையாக மடித்துச் சுற்றினோம். கிணற்றுக் கப்பியை மேலே பூட்டிக் கயிற்றை அதனூடாக இழுத்து, உள்ளே ஒரு முளையில் கொளுவினேன். பன்றி கிழங்கைக் கிண்ட, முளை கழலும், கதவு விழும். தாளில் போட்டுப் பார்த்தபோது பிழை ஒன்றும் இல்லை.

பக்கத்துத் தோட்டத்து வீரசிங்கம் அண்ணை வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். கம்பிக்குத் தன்ரை மெசின் கொட்டிலிலிருந்து மின்சாரம் தருவதாக மச்சாளுக்குச் சொல்லியிருந்தவர் அவர்தான்.

"ரீச்சர், பண்டிக்கும் பௌதீகம் தெரிஞ்சிருந்தா என்ன செய்வியள்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவின் பாரம் ஓர் ஆளின் காலை முறிக்கப் போதும். ஆடு மேய்க்க வருகிறவர்கள் குனிந்து பார்த்தால்? பகலில் கதவைப் பூட்டி வைக்க ஓர் ஆணி போட்டேன். சிவப்புத் துணியும் கட்டினேன். யாழ்ப்பாணம் திரும்பிய பிறகும் அந்த ஆணியைப் போட்டீர்களா என்று தொலைபேசியில் எடுத்து எடுத்துக் கேட்டேன். மச்சாளுக்கு அலுத்துவிட்டது.

முதல் கிழமை பன்றிகள் கூட்டுப் பக்கமே வரவில்லை. உள்ளே போட்ட கிழங்கு அப்படியே காய்ந்து கிடந்தது. அடுத்த சனி நான் போனபோது, நல்ல நேரம் பார்க்காமல் தொடங்கிய வேலை இப்படித்தான் இருக்கும் என்று மச்சாள் குறைப்பட்டார். கூட்டுக்குத் திருநீறு பூசி, கற்பூரம் கொளுத்தி, வாசலில் தேங்காய் ஒன்றைச் சிதற அடித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை அந்தத் தேங்காயில் ஒரு துண்டும் இல்லை. ஈர மண் முழுக்கக் குளம்புத் தடம். உள்ளே இருந்த கிழங்கு தொடாமல் கிடந்தது.

மச்சாள் கடவுளுக்கு நன்றி சொன்னார். நான் வேறு கணக்குப் போட்டேன். கிழங்கு அவற்றுக்குத் தோட்டம் முழுக்கக் கிடக்கிறது, அதற்காக ஏன் இரும்புக்குள் தலையைக் கொடுக்க வேண்டும்? கதவை விழாதபடி இறுக்கிக் கட்டினோம். தேங்காயைத் துண்டாக்கி முதலில் வாசலில், பிறகு படியில், பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு சாண் உள்ளே என்று போட்டு வரும்படி சொன்னேன். மச்சாள் துண்டாக்க மாட்டேன் என்றார். ஒவ்வொரு மாலையும் சிதறத்தான் அடித்தார். சரி, அதுவும் துண்டுதானே.

அவை உள்ளே போய்த் தின்னப் பழகியபோது திவசத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. தேங்காயை முளையடியில் போட்டுவிட்டுக் கதவின் கட்டை அவிழ்த்துவிடும்படி வெள்ளி பின்னேரம் சொன்னேன். சனி காலை பஸ்ஸில் இருந்து எடுத்தேன், பதில் இல்லை. மறுபடி எடுத்தேன், இல்லை. கொடிகாமத்தில் இறங்கினால் தேத்தண்ணிக் கடையில் விசிறி ஓடவில்லை. கரண்ட் விடியவே போய்விட்டது என்றார்கள்.

கண்ணில் பட்ட ஓட்டோவில் ஏறினேன். வீட்டில் ஆளில்லை. கொட்டிலுக்குப் போனேன். கம்பிச் சுருள் தொங்கிய ஆணி வெறுமையாக இருந்தது.

வரம்பால் ஓடினேன் அண்ணை. இந்த வயதில், செருப்பை எங்கே விட்டேன் என்றும் தெரியாமல்.

மச்சாள் கூட்டடியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தியிருந்தார். உள்ளே கரும்பன்றி ஒன்று. அது மோதுகிற மோதலில் வலை ஒரு மூலையில் சிலாகையை விட்டுக் கழன்றிருந்தது. அந்த மூலையைத்தான் மச்சாள் கட்டிக்கொண்டிருந்தார். உங்கடை குறட்டால், உங்கடை கம்பியால்.

"நிண்டு பாக்காதையும். உந்தக் கம்பித் தலைப்பை இழுத்துப் பிடியும்."

பிடித்தேன். அவர் முறுக்கினார். அடுத்த துண்டை எடுத்தார், அதையும் பிடித்தேன். அப்போது வீரசிங்கம் அண்ணையின் கொட்டிலில் இறைப்பு மெசின் இரையத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது. மச்சாளின் கை நின்றது. என் கையும் நின்றது. கம்பியின் ஒரு முனை அவரிடம், மறுமுனை என்னிடம்.

ஒன்றும் நடக்கவில்லை. பன்றி மட்டும் இன்னொரு முறை மோதியது.

"முழத்துக்கு முழம் வெட்டிப்போட்டன்," என்றார் மச்சாள், என்னைப் பார்க்காமல். "இனி உது வேலிக்கு இழுக்க நீளம் காணாது."

பன்றியை ஊரவர்கள் கொண்டுபோனார்கள். திவசம் வருகிற வீட்டில் அதில் பங்கு கேட்க யாருமில்லை. நான் நின்று பார்க்கவும் இல்லை. வீரசிங்கம் அண்ணை கதவின் அளவைக் கேட்டு அனுப்பியிருக்கிறார். கூட்டத்தில் மற்றவை இன்னும் வெளியே இருக்கின்றன. அவை கூட்டை மறக்குமா, நினைவு வைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. மின்விசிறி என்றால் எனக்கு இன்னமும் பயம்தான்.

உங்கடை படையலில் மரவள்ளிக் கறியும் இருந்தது. அதற்கான தேங்காயை மட்டும் மச்சாள் நேராக இரண்டாய் உடைத்தார்.

ஒரு வாக்குத் தருகிறோம், அண்ணை. தோட்டத்தில் இனி இருப்பது இறைப்பு மெசினின் வயர் மட்டும்தான். கரண்ட் இல்லாத காலையிலும் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் நாங்கள் இறங்குவோம்.

மச்சாளுக்குத் தலைப்புப் பிடித்துக் கொடுத்த
உங்கடை தங்கச்சி