பிங்கனில் விட்டுவந்தவர்கள்

20 செப்டம்பர் 1994, செவ்வாய். கார்ஹிங், மியூனிக் அருகே.

நாளை காலை சுற்றுலா. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஏற்பாடு செய்தது. இரண்டு பேருந்துகள். ரோத்தன்பர்க், ஹைடல்பெர்க், ரைன் நதி, கொலோன். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் போய்வா, போய்வா என்று தள்ளிவிட்டார்கள். ஜெர்மனிக்கு வந்து இத்தனை மாதமாகியும் விடுதிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் உள்ள சாலையைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் போகத்தான் வேண்டுமா? தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குக்கூட நான் தனியாகப் போனதில்லை.

21 செப்டம்பர், புதன். ரோத்தன்பர்க்.

மதில் சூழ்ந்த ஊர். மரச்சட்டம் போட்ட வீடுகள், ஜன்னல்தோறும் சிவப்புப் பூ. அழகுதான். ஆனால் நான் ஊரைப் பார்த்ததைவிடக் குழுவைத் தேடியதே அதிகம். ஒரு கடையில் பொம்மைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் ஒருவரையும் காணோம். எல்லாச் சந்தும் ஒரே மாதிரி. கடைசியில் சாண்ட்ரா வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள். போர்ச்சுகல்காரி, இரண்டாவது பேருந்தில் என் பக்கத்து இருக்கை. எதற்கும் பயப்படாத பெண்.

மாலையில் இன்னொரு கூத்து. ரொட்டியில் சிவப்பாக எதையோ தடவி வெங்காயம் தூவி வைத்திருந்தார்கள். தக்காளித் துவையல் என்று நினைத்துத் தின்றுவிட்டேன். அரைத்த பன்றி இறைச்சியாம். பச்சையாம். சமைக்கவே இல்லையாம். சாண்ட்ரா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைத் தின்றால் என்ன ஆகும்? யாரிடம் கேட்பது?

22 செப்டம்பர், வியாழன். ஹைடல்பெர்க்.

வயிறு சரியில்லை. கோட்டையில் ஒரு மதுப் பீப்பாய், வீடு அளவு. எல்லோரும் அதன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் கீழே கல்லில் உட்கார்ந்து கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னால் உட்கார்ந்தால் குமட்டாது என்று வழிகாட்டிப் பெண் என்னை முதல் பேருந்துக்கு மாற்றினாள். மாலையில் மறுபடி சாண்ட்ராவிடமே போய்விட்டேன்.

23 செப்டம்பர், வெள்ளி. கொலோன், விடுதி.

எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

காலையில் கிளம்பி, நெடுஞ்சாலை ஓரம் பெட்ரோல் நிலையமும் சாப்பாட்டுக்கடையும் உள்ள ஓரிடத்தில் நிறுத்தினார்கள். சுற்றிலும் திராட்சைத் தோட்டம், வேறொன்றும் இல்லை. பையை இருக்கையிலேயே வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். பாஸ்போர்ட், கோட்டு, எல்லாம் அங்கேதான். வயிறு விடவில்லை. ஒருவழியாக வெளியே வந்தால் இரண்டு பேருந்தும் இல்லை.

இல்லை. நிஜமாகவே இல்லை. நான் மறுபடி முதல் பேருந்துக்குப் போய்விட்டதாகச் சாண்ட்ராவும், இரண்டாவதில்தான் இருப்பதாக வழிகாட்டியும் நினைத்திருக்கிறார்கள். அது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான் - என்னை யாரும் தேடப்போவதில்லை. இரவு தங்கும் விடுதியின் பெயர்கூடத் தெரியாது. லாரி ஓட்டுநர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மறுபடி கழிப்பறைக்குள்ளேயே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு, மாதாவே நான் என்னத்தச் செய்வேன் என்று வாய்விட்டு அழுதேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"தங்கச்சி தமிழோ?"

அந்தக் குரலை எப்படி எழுதுவது. நான் அவள் தோளிலேயே விழுந்துவிட்டேன். வேதமோ சைவமோ என்று கேட்டாள். கழுத்தில் கிடந்த சிலுவையைக் காட்டினேன். பெயர் பேர்பெச்சுவா என்றதும் அவளுக்கு முகம் மலர்ந்தது. அவள் வெரோனிக்கா. மன்னார். தூத்துக்குடி என்றால் கடலுக்கு அந்தப் பக்கம்தானே என்றாள்.

அழுகை கேட்டு வந்த சாப்பாட்டுக்கடைக்காரி போலீஸைக் கூப்பிடலாம் என்றாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று வெரோனிக்கா அக்காவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். பாஸ்போர்ட் இல்லாமல் நிற்கிறேன், பிடித்துக்கொண்டு போய்விட்டால்? மதியம் பிங்கன் என்ற ஊரில் படகு ஏறுவதாக வழிகாட்டி சொன்னது மட்டும் நினைவிருந்தது. பிங்கன் பக்கம்தான் என்றாள் அக்கா.

அவளை வேலை முடிந்து கூட்டிப்போக அவள் கணவர் வந்தார். டக்ளஸ் அண்ணன், மெலிந்தவர், பேச்சுக் குறைவு. இருவரும் தள்ளிப்போய் நின்று பேசினார்கள். பிங்கன் எங்கட கிறைஸ் இல்லையே என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு விளங்கவில்லை.

"பிள்ளை தனிய நிக்குது," என்றாள் அக்கா. "கொண்டுபோய் விட்டிட்டு உடன திரும்புவம்."

அண்ணன் மெதுவாக ஓட்டினார். எல்லா வண்டியும் எங்களைத் தாண்டிப் போனது. கொஞ்சம் வேகமாகப் போகலாமா அண்ணா என்று நான் கேட்டேன் - கேட்டேனே! அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். எனக்காகத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நானும் சேர்ந்து சொன்னேன்.

பிங்கன் படகுத்துறையில் இரண்டு பேருந்தும் நின்றன. குழு படகேறிப் போயிருந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தார். என் பை இருந்த இடத்திலேயே இருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதேன். சத்தமாக அழுதிருக்கக்கூடாது. சீட்டு விற்கும் இடத்தில் நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் என்னவென்று பார்க்க வந்துவிட்டார்கள்.

எல்லோருடைய தாள்களையும் கேட்டார்கள். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தபடி திருப்பித் தந்தார்கள். அண்ணன் ஒரு பச்சைத் தாளை எடுத்து நீட்டினார். இரண்டு பேரும் அதை விரித்து வாசித்தார்கள். சிரிப்பு போய்விட்டது.

அக்கா என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள். "அகதி வழக்கு முடியுமட்டும் எங்களுக்கு எங்கட கிறைஸை, மாவட்டத்தை விட்டு வெளிக்கிட ஏலாது தங்கச்சி. இவர் முந்தி ஒருக்காப் பிடிபட்டவர். இது ரெண்டாந்தரம்."

நான் சொல்லியிருக்கலாம். என்னால்தான் வந்தார்கள் என்று ஆங்கிலத்திலாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், பிட்டே, பிட்டே என்ற ஜெர்மன் கெஞ்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. அவர்களைப் போலீஸ் வண்டிப் பக்கம் நடக்கச் சொன்னார்கள். படகு போய்ச் சேரும் இடத்துக்குப் போகவேண்டும் என்று ஓட்டுநர் இன்ஜினைக் கிளப்பினார். நான் நடுவில் நின்றேன். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க போங்கோ. பஸ்ஸை விட்டிடாதேங்கோ."

நான் ஏறிவிட்டேன். ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வழிகாட்டி பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டாள். சாண்ட்ரா கட்டிக்கொண்டாள். ஆற்றின் இரண்டு கரையிலும் கோட்டைகள் இருந்தனவாம்.

24 செப்டம்பர், சனி. கொலோன்.

பேராலயத்தின் வாசல்வரை போனேன். உள்ளே போகக் கால் வரவில்லை. கோபுரம் கறுத்து, தலைக்குமேல் சாய்வதுபோல இருந்தது. குழு உள்ளே போக, நான் ஒதுங்கி நடந்தேன். மறுபடி தொலைந்துவிடுவேனோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்தேன். ஒரு தெருவில் கடைக் கண்ணாடியில் தமிழ் எழுத்து. உள்ளே கறிவேப்பிலை வாசனை.

கடைக்காரர் பெயர் தவராசா. நடந்ததைச் சொன்னேன். ஒருவருக்குப் பாகற்காயை நிறுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். முதல்தரம் என்றால் தண்டத்தோடு போய்விடும் என்றார். "ரெண்டாந்தரம் கிரிமினல். மறியலும் கிடைக்கலாம், ஜெயில். விசா வழக்குக்கும் கூடாது." அதே குரலில்தான் பாகற்காய் வாங்க வந்தவரிடமும் பேசினார். கடையில் தினம் இதைத்தான் கேட்கிறார்கள் போல.

பிறகு, நான் கேட்காமலே, தமிழ்ப் பூசை வைக்கும் கத்தோலிக்கச் சாமியாருக்குத் தொலைபேசி எடுத்தார். டக்ளஸ், வெரோனிக்கா, மன்னார் ஆக்கள் என்றதும் சாமியாருக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் ஊரும் வீட்டு விலாசமும் கிடைத்தன. இரவே விட்டுவிட்டார்களாம், ஆனால் வழக்கு எழுதியிருக்கிறார்களாம். ஏன் மாவட்டம் தாண்டிப் போனார்கள் என்று நேரில் பார்த்த ஒருவர் போய்ச் சொன்னால் உதவுமா என்று கேட்டேன்.

"உதவலாம். சொல்லுற ஆளுக்கும் கரைச்சல் வரலாம்," என்றார்.

25 செப்டம்பர், ஞாயிறு.

டிசம்பரில் என் விசா புதுப்பிக்கவேண்டும். போலீஸ் கோப்பில் என் பெயர் ஏறினால்? அகதிகளுக்குக் குற்றம் செய்யத் துணைபோனவள் என்று எழுதினால்? பேராசிரியர் என்ன சொல்வார், அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன். பேருந்து மியூனிக் கிளம்பும்போது இறங்கினேன். மறுபடி ஏறினேன். மறுபடி இறங்கினேன். உனக்கு என்ன பைத்தியமா என்றாள் சாண்ட்ரா. பிறகு அவளே என் பையை எடுத்துக் கையில் தந்தாள்.

ரயிலில் எழுதுகிறேன். யாராவது சீருடையில் வந்தால் நோட்டை மூடிவிடுகிறேன். டிக்கெட் பார்ப்பவர்தான்.

26 செப்டம்பர், திங்கள். அவர்கள் வீடு.

நேற்று கதவைத் திறந்த அக்கா சந்தோஷப்படவில்லை. பயந்துபோனாள். ஏன் வந்தனீங்கள் என்றுதான் கேட்டாள். அகதிகள் தங்கும் பழைய கட்டடம், ஒரு அறை, மாடி முழுவதற்கும் ஒரு சமையலறை. அந்த ஒரே கட்டிலை எனக்குத் தந்து இருவரும் தரையில் படுத்தார்கள்.

நான் போய்ச் சொல்கிறேன் என்றதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் இன்னும் கிளறுவார்கள், காசுக்கு ஆள் ஏற்றினதென்றுகூட எழுதுவார்கள், பேசாமல் இருந்தால் தண்டத்தோடு விடலாம் என்றாள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாமே. உதவி செய்ய வந்து இன்னும் கெடுத்துவிடுவேனோ? நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார்.

"முதல்தரமும் நான் உண்மையைத்தான் சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்ல. இந்தமுறை சொல்ல ஒரு ஆள் இருக்கு. சொல்லட்டும்."

அந்த முதல்தரம் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்த தம்பியைப் பார்க்கப் போனாராம்.

இன்று காலை மூவரும் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். நடுத்தர வயதுப் பெண் அதிகாரி தட்டச்சுப் பொறிமுன் உட்கார்ந்து கேட்டாள். பாதி ஜெர்மன், பாதி ஆங்கிலம். வயிற்றுவலியைக்கூட விடாமல் சொன்னேன். காசு வாங்கினார்களா? இல்லை. வேறு எங்காவது போனார்களா? இல்லை. கடைக்காரி போலீஸைக் கூப்பிடலாம் என்றாளே, ஏன் மறுத்தாய்?

பயந்துவிட்டேன் என்றேன்.

எதற்குப் பயம் என்று கேட்டாள். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவள் என்னையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனையும் பார்த்துவிட்டு எதையோ தட்டினாள். என்ன தட்டினாள் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டேன்.

மாலை ரயில். மாவட்ட எல்லைக்கு உள்ளே இருக்கும் கடைசி நிலையம்வரை அக்கா கூட வந்து இறங்கிக்கொண்டாள்.

3 அக்டோபர், திங்கள். கார்ஹிங்.

விடுதித் தாழ்வாரத்தில் தொலைபேசி அடித்தாலே எழுந்து நிற்கிறேன். எனக்கில்லை.

19 அக்டோபர், புதன்.

கனவில் பிங்கன். நான் பேருந்தில், அவர்கள் கீழே. கதவு திறக்கவில்லை.

14 டிசம்பர், புதன்.

விசா புதுப்பித்தாயிற்று. அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. முத்திரை குத்திய சத்தத்துக்கே துள்ளினேன், அந்த மனுஷி பாவம், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

மாலையில் அக்கா அழைத்தாள். வழக்கை விட்டுவிட்டார்களாம். என் வாக்குமூலத்தை வாசித்தார்களாம். கடைக்காரியையும் விசாரித்தார்களாம், அவளும் உள்ளதைச் சொன்னாளாம். ஆனால் மூன்றாந்தரம் என்று ஒன்று வந்தால் விடமாட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அகதி வழக்கு அப்படியே கிடக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே காசு தீர்ந்து இணைப்பு அறுந்துவிட்டது.

9 ஏப்ரல் 1995, குருத்து ஞாயிறு. அவர்கள் வீடு.

போன மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிங்கனுக்கு வந்தபோதே அக்கா பிள்ளைத்தாச்சி. அன்று சொல்லவில்லை.

வரும் ஞாயிறு, ஈஸ்டர் பாஸ்கா அன்று ஞானஸ்நானம். சொந்தக்காரர்கள் இல்லாமலில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் தம்பி, கொலோன் பக்கம் சின்னம்மா மகள். எல்லோருக்கும் அதே பச்சைத் தாள். ஒருவராலும் வர முடியாது. அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நீங்கதான் ஞானத்தாயா நிக்கவேணும்."

தலையை மட்டும் ஆட்டினேன். நான் கையைக்கூடக் கழுவவில்லை, அக்கா அதற்குள் குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டாள். கழுத்து நிற்காத பிள்ளை. எங்கே பிடிப்பது, தலையையா முதுகையா? இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"இறுக்கிப் பிடியாதேங்கோ," என்றாள் அக்கா. "அவ விழமாட்டா."