உன் உயரத்துக்கு வெச்ச மைக்

ஏ புள்ள,

ஒரு எடத்துல உக்கார முடியல. அதான் எழுதுறேன்.

சர்ச் கொயர்ல ஆரம்பிச்சு, சேதராப்பட்டு கம்பெனி ஷிப்டைப் பத்தி நீயே பாட்டு கட்டி, கிட்டாரோட ஊர் ஊரா பாடுனியே. அதையெல்லாம் நேத்து மணப்பட்டு மேடையில உன் தங்கச்சி ரீட்டா பாடினா. சவுண்டு நான்தான். நீ போய்ச் சேந்தப்புறம், நீ இல்லாத முதல் கச்சேரி.

பழக்கத்துல மைக் ஸ்டேண்டை உன் உயரத்துக்கே வெச்சிட்டேன். அவ நெட்டச்சி, முழுசும் குனிஞ்சே பாடினா. பாத்துக்கினே நின்னேன். ஏத்த கை வரல.

எறங்கி வந்து, "இன்னா மாமா, அக்காவுக்கு வெச்சியா? என் முதுகு போச்சு. அடுத்த கச்சேரி பாகூர்ல, அங்கயும் பாடவா, வேணாவா?"ன்னா.

இன்னிக்கு காலையில இருந்து வூட்டுக்குள்ளயே சுத்திக்கினு இருந்தேன். இப்பதான் ஸ்டேண்டை ஏத்துற ஸ்க்ரூவுக்கு எண்ணெய் வுட்டேன்.

கோச்சிக்காதடி.

இப்படிக்கு,
உன் சவுண்டுக்காரன்