பனி பூத்த பம்பு

1987 ஐப்பசி, வியாழன் இரவு

குப்பனூர் ஆலையில் இன்று திரவ ஆக்சிஜன் பம்பு ஜல்லியை அரைப்பதுபோல் கத்தியது. உள்ளே வரும் திரவம் கொதித்து வாயுவானால்தான் அப்படிக் கத்தும். அதனால்தான் பம்பை நன்றாகக் குளிரவிட்டு, மேலே வெண்பனி பூத்த பிறகு சுவிட்சைப் போடுவோம். காலையில் பனி பூத்துத்தான் இருந்தது. நானே பார்த்தேன்.

வடிகட்டியைக் கழற்றினேன், வால்வைப் பிரித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. என் மனைவியின் தம்பி செல்வராசு மதியம் வரை பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தான். அவனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். சொன்ன இடத்திலெல்லாம் வெளிச்சம் காட்டினான். பம்பின் அடியில் குனிந்தபோது மட்டும் டார்ச் வரவில்லை. கையை விட்டுத் துழாவினேன். ஈரச்சாக்குத் துண்டு ஒன்று வந்தது. ஈரத்தைப் பூசிவிட்டால் வெளியே பனி சீக்கிரம் பூத்துவிடும். உள்ளே குளிர்ந்திருக்காது.

“ஏஞ்சாமி, இது யாரு வேலை?” என்றேன்.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். செல்வராசு என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னான்: “மாமாதானுங்க பண்ணச் சொன்னாரு. நேரமாவுதுன்னாருங்க.”

நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அங்கேயே அவன் சீட்டு கிழிந்திருக்கும். மேனேஜர் உத்தரவு: நாளையிலிருந்து பம்பு அவன் பொறுப்பாம். நான் சிலிண்டர் ஏற்ற வேண்டுமாம்.

சாயங்காலம் மலை பஸ்ஸில் வழக்கம்போலத் துண்டு போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். நாங்கள் இறங்கும் ஒண்டிக்கடை ஸ்டாப் வரை நின்றுகொண்டே வந்தேன். துண்டை அவன் கடைசி வரை எடுக்கவே இல்லை.